தந்திக் கம்பி யார் கையில்?

1850களில் ஐரோப்பாவிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் கொழும்புக்குப் போவதில்லை. காலித் துறைமுகத்தில்தான் நிற்கும். கப்பல் வந்து நின்றதும் ‘கொழும்பு அப்சர்வர்’ பத்திரிகையின் ஆள் லண்டன் செய்தித்தாள்களை அவசரமாகப் புரட்டுவார். எங்கே போர், காப்பி என்ன விலை, லண்டனில் அமைச்சரவை நிலைத்ததா கவிழ்ந்ததா என்பதை மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவார். புறா கடற்கரையோரமாக எழுபது மைலைக் கடந்து கொழும்பில் இறங்கும்போது, அதே செய்தியைச் சுமந்த தபால் வண்டி பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்காது. காப்பித் தோட்ட முதலாளிக்கும் ஏற்றுமதி வியாபாரிக்கும் அந்தச் சில மணி நேர முந்தல் கையில் பணமாக விழுந்தது. 1850 முதல் நடந்த இந்தப் புறாத் தபால் 1858இன் தொடக்கத்தில் நின்றது. காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி வந்துவிட்டது.

புறா யாருக்குச் செய்தி கொண்டுபோனது என்பதில் சந்தேகமில்லை. அதை வளர்த்த பத்திரிகைக்கு. கம்பி விஷயத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு எளிதல்ல. யார் பணத்தில் கம்பி போடப்பட்டது, யாருடைய செய்தி முதலில் போனது, யாருடையது காத்திருந்தது, யார் நினைத்தால் அதை நிறுத்த முடிந்தது? இந்தியத் துணைக்கண்டத்தில் தந்தியின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை இந்தக் கேள்விகளை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தியாவில் தந்தியைத் தொடங்கியவர் ஒரு மருத்துவர். அயர்லாந்தில் பிறந்த வில்லியம் புரூக் ஓ'ஷாக்னெஸி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தார். 1839இல் கல்கத்தா தாவரவியல் பூங்கா அருகே கம்பி இழுத்து, மின்சாரத்தின் வழியாகச் சைகை அனுப்ப முடியும் என்று செய்துகாட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்தாண்டுக்குப் பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் ஆதரவு கிடைத்தது. 1851இல் கல்கத்தாவிலிருந்து கப்பல்கள் வந்து நிற்கும் டயமண்ட் துறைமுகம் வரை முதல் தடம் போடப்பட்டது. மறு ஆண்டு பர்மா போரில் ரங்கூன் விழுந்த செய்தி இந்தக் கம்பி வழியாகவே கல்கத்தாவை எட்டியது. போர் நடத்துகிற அரசுக்கு இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று டல்ஹௌசிக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓ'ஷாக்னெஸி இந்த மண்ணுக்கென்றே யோசித்தார். ஐரோப்பாவில் போடுவது போன்ற மெல்லிய கம்பியை அவர் நம்பவில்லை. மழைக்காலப் புயலைத் தாங்க வேண்டும், குரங்கு தொங்கினால் அறக்கூடாது, கீழே விழுந்து மாட்டுவண்டி ஏறினாலும் முறியக்கூடாது. அதனால் தடித்த இரும்புக் கோல்களை ஒன்றோடொன்று பற்றவைத்து மூங்கில் கால்களில் ஏற்றினார். கருவிகளையும் உள்ளூரிலேயே செய்துகொண்டார். 1853 நவம்பரில் பெரிய தடத்தின் வேலை தொடங்கியது. 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் செய்தி வந்தது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்கும் தந்தி திறந்துவிடப்பட்டபோது பம்பாயும் மதராசும் பெஷாவரும் ஒரே வலையில் இருந்தன.

பொதுமக்கள் என்று சொன்னாலும் கட்டணம் வேறு கதை சொல்கிறது. நானூறு மைலுக்கு 16 சொல் அனுப்ப ஒரு ரூபாய். தூரம் கூடக்கூடக் கட்டணமும் கூடும். ஒரு ரூபாய் அப்போது கூலியாளுக்குப் பல நாள் கூலி. ஆக, அரசாங்கம், கப்பல் ஏஜென்சிகள், அபினியும் பருத்தியும் விற்ற வியாபாரிகள் ஆகியோரே அந்தப் பொதுமக்கள்.

1857 மே 11 காலை, டெல்லி தந்தி அலுவலகம். மீரட் கம்பி பேசவில்லை என்று பார்க்கப் போன பொறுப்பாளர் சார்லஸ் டாட் திரும்பவே இல்லை. அலுவலகத்தில் இருந்த இரண்டு இளம் சிக்னலர்கள், மீரட்டிலிருந்து கிளர்ச்சிச் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள், நகரம் எரிகிறது என்று அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வெளியேறினார்கள். அம்பாலாவிலிருந்து அது லாகூருக்குப் போனது. மே 13 அன்று லாகூரை அடுத்த மியான்மீர் முகாமில் சிப்பாய்களை அணிவகுக்கச் சொல்லி, அவர்கள் முழு விவரம் அறியுமுன்பே ஆயுதங்களைப் பறித்தார்கள். டெல்லியின் செய்தி சிப்பாய்க்குக் குதிரையில் வந்துகொண்டிருந்தது. அவனுடைய அதிகாரிக்குக் கம்பியில் வந்துவிட்டது. பஞ்சாப் கைநழுவாமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த இரண்டு நாள் முந்தல் அவற்றில் பெரியது.

கிளர்ச்சிக்காரர்களுக்கும் இது புரிந்திருந்தது. நூற்றுக்கணக்கான மைலுக்குக் கம்பிகளை அறுத்தார்கள், கம்பங்களைப் பிடுங்கினார்கள். கம்பியைத் துண்டாக்கித் துப்பாக்கியில் இட்டுச் சுட்டதாகவும் குறிப்புகள் உண்டு. ஆனால் தெற்கே கம்பி அறுபடவில்லை. கவர்னர் ஜெனரல் கானிங் மதராசிடம் தந்தி மூலம் படை கேட்டார். கர்னல் நீல் தலைமையில் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படை கப்பலேறி, அந்த மே மாதம் முடியுமுன்பே கல்கத்தாவில் இறங்கியது. வாரணாசியிலும் அலகாபாத்திலும் நீல் நடத்திய கொலைகள் அந்தப் போரின் மிகக் கொடிய பக்கங்கள். அவருக்கு மதராஸ் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. டெல்லியில் தந்தி ஊழியர்களுக்கு 1902இல் எழுப்பிய நினைவுத்தூண் மட்டும் இன்றும் நிற்கிறது.

அந்த 1857இல் இந்தியாவுக்குள் மணிக்கணக்கில் ஓடிய செய்தி, லண்டன் போய்ச் சேர ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. 1865இல் பாரசீக வளைகுடா வழியாகவும், 1870இல் சூயஸ், ஏடன் வழியாகக் கடலுக்கடியில் போட்ட கேபிள் மூலமும் அந்த இடைவெளி மணிக்கணக்காகச் சுருங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் மதராசிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கேபிள் போனது. கடல் கடந்து கூலிக்குப் போன தமிழர்களின் பாதையும் அதுதான். அவர்கள் கப்பலின் அடித்தட்டில் நாள்கணக்கில் போனார்கள். அவர்களை வேலைக்கு எடுத்தவர்களின் கணக்குவழக்குக் கேபிளில் போனது.

லண்டன் கேபிள் வந்ததும் வைஸ்ராயின் அதிகாரமே மாறிப்போனது. கப்பல் தபாலின் காலத்தில் கல்கத்தா முடிவெடுக்கும், லண்டன் பிறகு அங்கீகரிக்கும். 1875 ஆகஸ்டில் வைஸ்ராய் நார்த்புரூக், பருத்தித் துணி இறக்குமதிக்கு வரியை வைத்துக்கொண்டே சுங்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார். லங்காஷயர் ஆலை முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. இந்தியா மந்திரி சால்ஸ்பரியின் கண்டனம் தந்தியில் பறந்து வந்தது. முக்கியமான மசோதாக்களை முன்கூட்டியே லண்டனுக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற நெருக்கடியும் வந்தது. நார்த்புரூக் 1876இல் பதவி விலகினார். அடுத்து வந்த லிட்டன், லண்டன் சொன்னதைச் செய்யக்கூடியவர். அவர் வந்து சில மாதங்களில் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது.

தமிழகக் கிராமங்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கின்றன. 1876 முதல் 1878 வரை மதராஸ், பம்பாய் மாகாணங்களிலும் மைசூர், ஐதராபாத் பகுதிகளிலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. ரயிலும் தந்தியும் இருந்தால் இனிமேல் பஞ்சச்சாவு நேராது என்று அதுவரை அதிகாரிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் தானியம் இல்லையென்றால் விலை ஏறும், அந்த விலையைத் தந்தி சொல்லும், ரயில் தானியத்தைக் கொண்டுவரும் என்பது கணக்கு. கணக்கு பாதிதான் பலித்தது. விலையைத் தந்தி சொன்னது உண்மை. பெல்லாரி மண்டி வியாபாரி முன்பு தன் ஊர்ச் சந்தையை மட்டுமே அறிவார். இப்போது மதராசிலும் பம்பாயிலும் அன்றைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரிந்தது. அதிக விலை கிடைக்கும் இடம் தெரிகிற வரை மூட்டையை அவிழ்க்கத் தேவையில்லை. மழை தவறாத ஊர்களில்கூட விலை ஏறியது. எல்லா ஊரிலும் விலை சமமானது, கூலி சமமாகவில்லை. வாங்கப் பணமில்லாதவன் கண்ணெதிரே தானியம் ரயிலேறிப் போயிற்று.

மதராஸ் கவர்னர் பக்கிங்காம் கோமகன், ஆர்பத்நாட் கம்பெனி வழியாக 30,000 டன் தானியம் வாங்கினார். அரசாங்கம் சந்தையில் தலையிடலாமா என்று லிட்டன் சினந்து, மேலும் வாங்கக்கூடாது என்று தடுத்தார். செலவைக் கட்டுப்படுத்த 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் மதராசுக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று கூலியை அவர் குறைத்தார். அரைக் கிலோவுக்கும் குறைவான அந்தத் தானியத்தில் நாள் முழுக்க மண் வெட்டச் சொன்னார்கள். டெம்பிளை அனுப்பியதும் கவர்னரைக் கண்டித்ததும் கம்பி வேகத்திலேயே நடந்தன. சாகிறவனின் குரலுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை.

அதே கம்பி மறுபக்கமும் வேலை செய்தது, ஒருவர் அதைக் கையில் எடுத்ததால். வில்லியம் டிக்பி முன்பு இலங்கையில் பத்திரிகை வேலை பார்த்தவர், அப்போது ‘மதராஸ் டைம்ஸ்’ ஆசிரியர். அவருடைய முயற்சியில் 1877 ஆகஸ்டில் மதராசில் பொதுக்கூட்டம் கூடியது. லண்டன் மேயருக்கும் மற்ற பிரிட்டிஷ் நகரங்களுக்கும் தந்தியில் வேண்டுகோள் பறந்தது. கப்பல் தபாலை நம்பியிருந்தால் ஒரு மாதம் போயிருக்கும். நாள்கணக்கில் லண்டனில் நிதி திரட்டத் தொடங்கி, லட்சக்கணக்கான பவுன் சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிக்பி அந்தப் பஞ்சத்தின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். லிட்டன் ஆட்சிக்கு எதிரான சாட்சியம் இன்று நம் கையில் இருப்பதில் அந்த நூலுக்குப் பெரிய பங்குண்டு. பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டி இணைத்த கால்வாய், கவர்னர் பெயரில் பக்கிங்காம் கால்வாய் என்று சென்னை நடுவே கிடக்கிறது. அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாது வருஷம் நினைவுக்கு வரும்?

பருத்தி வியாபாரத்தைக் கம்பி புரட்டிப்போட்ட விதம் இன்னொரு பெரிய கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லங்காஷயருக்கு அமெரிக்கப் பருத்தி வராததால் பம்பாயில் பணம் கொட்டியது. 1865இல் அந்தப் போர் முடிந்த செய்தி வந்ததும் விலை சரிந்து வங்கிகளும் கம்பெனிகளும் கவிழ்ந்தன. அதன்பின் நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் நாள்தோறும் பம்பாய்க்குத் தந்தியில் வரலாயின. ஆலைக்காரருக்கு அது வியாபாரத் தகவல். பருத்திச் செடியையே பார்த்திராத தெருக்கூலிக்கு அது பந்தயம் கட்டும் எண். அந்த விலையின் இலக்கங்களை முன்கூட்டிச் சொல்பவருக்குப் பணம் என்று பம்பாயில் சூதாட்டம் பரவியது. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் எண்கள் வருவது நின்றதும் பானையில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள், அதுதான் மட்கா. வேலூர்ப் பக்கம் ‘காட்டன் சூதாட்டம்: இருவர் கைது’ என்று நாளிதழில் இப்போதும் செய்தி வருகிறதே, அதில் உள்ள காட்டன் அந்த நியூயார்க் பருத்திதான்.

செய்தித்தாள்களுக்கு வருவோம். ராய்ட்டர் நிறுவனம் 1866இல் பம்பாயில் அலுவலகம் திறந்தது. உலகச் செய்தி என்றால் லண்டன் தேர்ந்தெடுத்து அனுப்பும் செய்தி என்று ஆனது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899இல் நாளிதழானது. 1904இல் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியின் முக்கிய வேலை, ஆங்கிலத்தில் வரும் தந்திகளையும் செய்திகளையும் தமிழாக்குவது. மறு ஆண்டு ருஷ்யக் கப்பற்படையை ஜப்பான் சுஷிமா நீரிணையில் முறியடித்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடு ஒன்று தோற்கடித்த அந்தச் செய்தி, பேரரசின் சொந்தக் கம்பியிலேயே மதராஸ் வந்து தமிழில் அச்சாகித் தெருவுக்குப் போனது. கம்பி போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தும் எது செய்தி, எது செய்தியல்ல என்ற முடிவு லண்டனிலேயே இருந்தது. அதை உடைக்க, தமிழரான எஸ். சதானந்த் 1920களில் ‘ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா’ என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். அரசு கேட்ட ஜாமீன் தொகைகளும் பறிமுதல்களும் அதை 1935இல் வீழ்த்தின.

கருவியின் முன் உட்கார்ந்து விரல் தேய்ந்தவர்களுக்கும் ஒருமுறை தங்கள் பலம் தெரிந்தது. 1908இன் முற்பகுதியில் ரங்கூன், கல்கத்தா, பம்பாய், மதராஸ் என ஊர் ஊராகத் தந்திச் சிக்னலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வணிகர் சங்கங்கள் அலறின. தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டமும் வ.உ.சி. கைதும் அந்த ஆண்டின் அதே மாதங்களில்தான்.

தமிழ்க் குடும்பத்துக்குத் தந்தி வேறொரு முகம் காட்டியது. தந்தி சேவகனின் சைக்கிள் தெருவில் திரும்பினாலே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். பிரிக்கக் கை வராது. பிரித்தாலும் படிக்க முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கிலம். வாத்தியாரையோ கர்ணத்தையோ தேடி ஓட வேண்டும். ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்ற நான்கு சொல்லை அவர் வாசித்துவிட்டு, நேராகச் சொல்ல மனமில்லாமல், “ஒடம்பு கொஞ்சம் மோசமா இருக்காம், உடனே கெளம்புங்க” என்பார். அப்பா போய்விட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் துக்கமும் சொல் எண்ணிப் பேசியது. ஊரில் ஒருவருக்கோ இருவருக்கோ ஆங்கிலம் தெரியும் என்பதால், அடுத்த வீட்டின் சாவுச் செய்தியை முதலில் அறியும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. கல்யாண மேடையில் வாழ்த்துத் தந்திகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். தந்தி எத்தனை வந்தது என்பது குடும்பத்தின் செல்வாக்கு.

சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பரில் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது, பணக்காரனிடமும் அரசாங்கத்திடமும் இருந்த அந்த வேகத்தைப் பத்திரிகையின் பெயரிலேயே வைத்தார். பெரிய தலைப்பு, பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும் நடை, டீக்கடையில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும் வசதி. ஆங்கிலம் தெரிந்தவரிடம் போய் நிற்காமல் சாதாரண மனிதர் உலகச் செய்தி அறிந்ததில் அந்தப் பத்திரிகைக்கு உள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது.

1985இல் உச்சத்தில் இருந்தபோது நாடு முழுவதும் 45,000 அலுவலகங்கள் வழியாக ஆண்டுக்கு ஆறு கோடி தந்திகள் போய்வந்தன. பிறகு எஸ்.டி.டி. பூத், செல்போன், குறுஞ்செய்தி. 2013 ஜூலை 14 இரவு பி.எஸ்.என்.எல். தந்திச் சேவையை மூடியபோது மிஞ்சியிருந்தவை 75 அலுவலகங்கள். கடைசி நாளில் ஞாபகத்துக்காகத் தங்களுக்கே தந்தி அனுப்பிக்கொள்ள மக்கள் வரிசையில் நின்றார்கள்.

சேவை மூடப்பட்டது, தந்திக்காகப் போட்ட சட்டம் மூடப்படவில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பின் பெயரால் எந்தச் செய்தியையும் இடைமறிக்கவும் நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு அதன்கீழ்தான் நடந்தது. அதற்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதிக்க 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்கீழ் 2017இல் விதிகள் வகுத்து இணையத்தையும் நிறுத்தினார்கள். 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்று அரசு சொன்னது. குண்டடிபட்டவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று தேடிய குடும்பத்துக்கும் அந்த இணையம்தான் தேவைப்பட்டது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் துண்டிக்கப்பட்ட அதிவேக இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணையத்தைக் காலவரையின்றி நிறுத்தக்கூடாது, நிறுத்தும் ஆணையை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டது. நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டது. அடுத்த முறை உங்கள் ஊரில் இணையம் நிறுத்தப்பட்டால் ஆணை எங்கே, கையெழுத்துப் போட்டவர் யார், காரணம் என்ன, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.